பிஎம்ஐ 32 இருந்தா மிட்வைஃப் கேர் கிடைக்காதா, டாக்டர் மட்டும்தானா?

முதல் குழந்தை, பிஎம்ஐ (உயரத்தையும் வெயிட்டையும் வச்சுப் போடற கணக்கு) 32, "இந்த வெயிட்டுக்கு மிட்வைஃப்லாம் (கர்ப்ப காலத்துலயும் பிரசவத்துலயும் பார்த்துக்கப் பயிற்சி எடுத்தவங்க) சரிப்படாது"ன்னு சொல்லிட்டாங்க, என்ன பண்றதுன்னு கேட்டிருக்கீங்க. எனக்கும் இதேதான் நடந்துச்சுங்க, என்னோடது 33. அதனால எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

முதல் தடவை செக்கப் போனப்போ கையில பிபி பட்டையைச் சுத்தினாங்க, காத்து ஏற ஏற அது பட்டுன்னு பிரிஞ்சுக்கிச்சு, மறுபடியும் இறுக்கி இழுத்து ஒட்டி ஒரு வழியா எடுத்தாங்க, 148/94. உடனே ஃபைல்ல சிவப்பு பேனால ஹை ரிஸ்க்னு எழுதி, மிட்வைஃப் கிட்ட போறதுக்கு போட்டிருந்த அப்பாயின்ட்மென்டையும் அடிச்சுட்டாங்க. அழுதுக்கிட்டேதான் வெளிய வந்தேன். ரெண்டு வாரம் கழிச்சு வேற இடத்துல ஒரு மிட்வைஃப் அக்கா, முதல்ல டேப் வச்சு என் மேல்கையை அளந்தாங்க, 36 செ.மீ. உள்ள போய் பெரிய பட்டை எடுத்துட்டு வந்து, அஞ்சு நிமிஷம் பேசாம உக்கார வச்சு எடுத்தா 126/80! கை பருமனுக்குப் பத்தாத பட்டையைப் போட்டா பிபி இருக்கறதை விட கூடத்தான் காட்டும், இதை யாருமே எனக்கு சொல்லல. அடுத்த தடவை போறப்போ பெரிய பட்டை இருக்கான்னு நீங்களே கேளுங்க, கூச்சப்படாதீங்க.

அதுக்காக வெயிட் ஒரு விஷயமே இல்லன்னு சொல்ல மாட்டேன். சுகர், பிபி, ரத்தக்கட்டு, சிசேரியன் எல்லாத்துக்கும் வாய்ப்பு கொஞ்சம் கூடுது, அது உண்மை. ஆனா 32ம் 45ம் ஒண்ணு இல்லையே. இங்கிலாந்துல சிகிச்சை வழிகாட்டி போடற நைஸ் (NICE) அமைப்போட 2014 வழிகாட்டியில 35க்கு மேல இருந்தா டாக்டர் யூனிட்ல (ஆஸ்பத்திரியில டாக்டருங்க இருக்கற பிரசவப் பிரிவு) பிரசவம் வச்சுக்கங்கன்னு இருந்துச்சு, 30ல இருந்து 35 வரைக்கும் அந்தந்த ஆளைப் பார்த்து முடிவு பண்ணணும்னுதான் இருந்துச்சு (2023ல அதுக்குப் பதிலா புது வழிகாட்டி வந்துடுச்சு). அதுவும் பிரசவம் எங்கங்கறதுக்குத்தான், மாசாமாசம் யார் பார்த்துக்கறதுங்கறது வேற கேள்வி.

நிறைய பேர் இங்கதான் குழப்பிக்கறாங்க, மிட்வைஃபா டாக்டரான்னு ஒண்ணைத்தான் எடுக்கணும்னு இல்லவே இல்ல. எனக்கு 27வது வாரம் குளுக்கோஸ் டெஸ்ட்ல சுகர் வந்துச்சு (24ல இருந்து 28 வாரத்துக்குள்ள கண்டிப்பா எடுத்துடுங்க), அப்போ டாக்டரும் சேர்ந்து பார்க்க ஆரம்பிச்சாங்க, ஆனா அந்த அக்கா என்னை விட்டுட்டுப் போகல, சாப்பாடு நடை தூக்கம் எல்லாமே அவங்ககிட்டதான் பேசுவேன். பிஎம்ஐ 30க்கு மேலன்னா மொத்தமா 5ல இருந்து 9 கிலோ ஏறினா போதும்னும் அவங்கதான் சொன்னாங்க, அதே சமயம் இப்ப டயட் இருந்து இளைக்கப் பார்க்காதேன்னும் ரெண்டு மூணு தடவை சொன்னாங்க. ஒரு தடவை கூட மூஞ்சி சுளிச்சது இல்ல, எனக்கு அதுவே பெரிய தைரியம்.

2024ல வந்த காக்ரேன் (பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கற அமைப்பு) ஆய்வுத் தொகுப்புல 17 ஆய்வு, 18,500க்கும் மேல பெண்கள், தெரிஞ்ச மிட்வைஃப்பே தொடர்ந்து பார்த்துக்கிட்டவங்களுக்கு சிசேரியன் குறைவாதான் இருந்திருக்கு. வெயிட் கூட உள்ளவங்களை மட்டும் வச்சுப் பண்ணது இல்ல அது, அதையும் சொல்லிடறேன்.

எனக்குப் பிரசவம் டாக்டர் யூனிட்லதான் ஆச்சு. குழந்தையோட ஹார்ட் பீட் பார்க்கற பெல்ட் வயித்துல நிக்காம வழுக்கிக்கிட்டே இருந்துச்சு, படுத்தே இருந்தா சரியா பதியும்னு ஒருத்தங்க சொன்னாங்க, ஆனா அக்கா என்னை நிக்க வச்சு, கட்டிலைப் பிடிச்சுக்கோன்னு சொல்லிட்டு, பெல்ட்ல இருக்கற வட்டமான கருவியைத் தன் கையாலயே வயித்துல அழுத்திப் பிடிச்சுக்கிட்டு பக்கத்துலயே நின்னாங்க, கை மாத்தி மாத்தி, ஒரு மணி நேரத்துக்கும் மேல.

அதனால "வெயிட் இருக்கு, முடியாது"ன்னு சொன்னா, எந்த வழிகாட்டியில எந்த பிஎம்ஐன்னு போட்டிருக்குன்னு கேளுங்க, டாக்டரோட சேர்ந்து மிட்வைஃப் பார்க்க வழி இருக்கான்னும் கேளுங்க. சந்தேகம் இருந்தா கமென்ட்ல போடுங்க, கண்டிப்பா பதில் சொல்றேன்.