விண்ணப்பம் போட்டே காசு கரைகிறது: ஃப்ரீலான்ஸில் முழுநேரமாக இறங்கலாமா?

கேள்வி: ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். மாலை நேரத்தில் கூடுதலாகச் சம்பாதிக்கலாம் என்று, இணையத்தில் தனித்தனி வேலைகளை எடுத்துச் செய்யும் ஃப்ரீலான்ஸ் தளங்களான அப்வொர்க், ஃபைவர் இரண்டிலும் பதிவு செய்தேன். இரண்டு மாதத்தில் நாற்பது வேலைகளுக்கு மேல் விண்ணப்பித்துவிட்டேன், ஒன்றுகூட அமையவில்லை. அப்வொர்க்கில் விண்ணப்பிக்கத் தேவைப்படும் டோக்கன்களான கனெக்ட்ஸ் வாங்கியே காசு கரைகிறது. மாதச் சந்தா கட்டி உறுப்பினரானால் வேலை கிடைக்குமா? போன வாரம் ஒரு க்ளையன்ட் டெலிகிராமுக்கு வரச் சொன்னார். தொடர்ந்து மாத வேலை தருகிறாராம். ஆனால் மென்பொருள் உரிமத்துக்கு முதலில் நான் 50 டாலர் கட்ட வேண்டுமாம், முதல் சம்பளத்தோடு திருப்பித் தந்துவிடுவாராம். இது அமைந்தால் வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கலாமா?

பதில்: அந்த 50 டாலரை முதலில் முடித்துவிடுவோம். கட்டாதீர்கள். வேலை தருபவர் உங்களுக்குப் பணம் தருவார்; நீங்கள் அவருக்குத் தர வேண்டியது வேலை மட்டும்தான். உரிமக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், திருப்பித் தரும் டெபாசிட் என்று என்ன பெயர் வைத்தாலும், பணம் உங்களிடமிருந்து அவரிடம் போகிறது என்றால் அது மோசடிதான். ஒன்பது வருடம் கணக்கு எழுதியவர் நீங்கள், வரவு எந்தப் பக்கம் செலவு எந்தப் பக்கம் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

டெலிகிராமுக்கு ஏன் கூப்பிடுகிறார்? தளத்துக்குள் நடக்கும் பேச்சு பதிவாகும், புகார் செய்தால் கணக்கு முடங்கும். வெளியே போய்விட்டால் எதுவும் மிஞ்சாது. ஒப்பந்தம் போடுவதற்கு முன் வெளியே தொடர்பு கொள்வது அப்வொர்க் விதிப்படியே தப்பு. அதனால் ஏமாந்த பிறகு புகார் செய்யப் போனாலும் உங்கள் நிலை பலவீனமாகத்தான் இருக்கும். அந்த ஆளைத் தளத்திலேயே ரிப்போர்ட் செய்துவிட்டு நகருங்கள். இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொன்றும் உங்களைத் தேடி வரும்: "உங்கள் ப்ரொஃபைலை எங்களுக்கு வாடகைக்குக் கொடுங்கள், மாதாமாதம் பணம் தருகிறோம்" என்பார்கள். உங்கள் அடையாள அட்டையை வைத்துச் சரிபார்த்த கணக்கில் வேறு யாரோ செய்யும் தில்லுமுல்லுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.

சரி, இப்போது சந்தா விஷயம். வேண்டாம். சந்தா கட்டினால் மாதம் கொஞ்சம் கனெக்ட்ஸ் கிடைக்கும், போட்டியாளர்கள் எவ்வளவு கேட்கிறார்கள் என்பது ஓரளவு தெரியும். ஆனால் நாற்பது விண்ணப்பத்துக்கு ஒரு பதில்கூட வரவில்லை என்றால் கோளாறு எண்ணிக்கையில் இல்லை. அதே விண்ணப்பத்தை எண்பது பேருக்கு அனுப்ப வசதி செய்துகொண்டு என்ன பயன்?

கோளாறு எங்கே என்று பார்க்கும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்தத் தளங்களில் சேருகிறவர்கள் பெரும்பாலும் போடாத கணக்கு இது. 120 டாலர் வேலை ஒன்று உங்களுக்குக் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிறு நிறுவனத்தின் மூன்று மாத வங்கி ஸ்டேட்மென்ட்டைக் குவிக்புக்ஸ் என்ற கணக்கு மென்பொருளில் உள்ள பதிவுகளோடு ஒப்பிட்டுச் சரிசெய்து தர வேண்டும். ஒன்பது மணி நேர வேலை. பார்த்தால் மணிக்கு 13 டாலருக்கு மேல் வருவதுபோலத் தெரியும்.

இப்போது கழித்துக்கொண்டே வாருங்கள். அப்வொர்க்கில் 2025 மே முதல் புதிய ஒப்பந்தங்களுக்குத் தளத்தின் பங்கு ஒரே விகிதம் அல்ல, வேலையைப் பொறுத்து 0 முதல் 15 சதவீதம் வரை. நடுவாக 10 சதவீதம் என்று வையுங்கள், 12 டாலர் போயிற்று, மிச்சம் 108. ஒரு கனெக்ட் 0.15 டாலர். விண்ணப்பத்துக்குப் பன்னிரண்டு கனெக்ட்ஸ் வீதம் இருபது விண்ணப்பம் போட்டபின் இந்த வேலை அமைந்தது என்றால் அதற்கே 36 டாலர். மிச்சம் 72. பணத்தை வங்கிக்கு எடுக்கும் கட்டணமும் டாலரை மாற்றும்போது விழும் இழப்புமாகச் சேர்த்து 3 டாலர். கையில் நிற்பது 69.

நேரத்தையும் அப்படியே கூட்டுங்கள். வேலை ஒன்பது மணி நேரம். கேள்விகளுக்குப் பதில், திருத்தம் எல்லாம் மூன்று மணி நேரம். இருபது விண்ணப்பத்துக்கும் தலா இருபது நிமிடம் என்றாலே ஏறக்குறைய ஏழு மணி நேரம். மொத்தம் 19 மணி. 69ஐ 19ஆல் வகுத்தால் மணிக்கு 3.60 டாலர் சொச்சம்.

இதைப் பார்த்துவிட்டு ஓடிவிடாதீர்கள். அதே க்ளையன்ட் அடுத்த மூன்று மாதக் கணக்கையும் உங்களிடமே தருகிறார் என்றால் என்ன ஆகும்? விண்ணப்பம் கிடையாது, கனெக்ட்ஸ் கிடையாது. 108இல் 3 போக 105 டாலர். அவருடைய கணக்கு வழக்கு உங்களுக்கு ஏற்கெனவே பழகிவிட்டதால் பேச்சு வார்த்தையும் சேர்த்துப் பத்து மணி நேரம். மணிக்கு 10.50 டாலர். விலை மாறவில்லை, ஆள் மாறவில்லை, வருமானம் ஏறக்குறைய மூன்று மடங்கு.

உங்கள் கேள்விக்கு நான் சொல்லக்கூடிய முக்கியமான பதில் இந்த இரண்டாவது கணக்கில்தான் இருக்கிறது. முதல் வேலையை வருமானமாக நினைக்காதீர்கள். வாடிக்கையாளரைப் பிடிக்க ஆன செலவாக எழுதிக்கொள்ளுங்கள். இந்தத் தளங்களில் சம்பாதிப்பது இரண்டாவது வேலையிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. அப்படிப் பார்த்தால் எந்த வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதும் தானாகத் தெளிவாகிவிடும். ஒரே ஒரு முறை ஐநூறு பக்க பிடிஎஃப்பைத் தட்டச்சு செய்யும் வேலைக்குப் பின்னால் எதுவும் இல்லை. மாதாமாதம் கணக்கை முடிக்க ஆள் தேடும் சிறு வியாபாரி வருடக்கணக்கில் உங்களோடு இருப்பார். கணக்கு எழுதத் தெரிந்தவர்களுக்கு இதில் இயற்கையாகவே ஒரு சாதகம் உண்டு. லோகோ வரைபவருக்கு அது கிடையாது. லோகோ ஒரு தடவை வரைந்தால் முடிந்தது, வங்கிக் கணக்கை ஒப்பிட்டுச் சரிசெய்யும் பேங்க் ரீகன்சிலியேஷன் அடுத்த மாதமும் வரும்.

அப்புறம் உங்கள் விண்ணப்பம். அதை நான் பார்க்கவில்லை, ஆனாலும் நாற்பது பேரும் பதில் போடவில்லை என்றால் ஊகிக்க முடிகிறது. க்ளையன்டின் பட்டியலில் உங்கள் கடிதத்தின் முதல் இரண்டு வரிதான் தெரியும். மீதியைப் படிக்க அவர் க்ளிக் செய்ய வேண்டும். அந்த இரண்டு வரியை "வணக்கம் ஐயா, எனக்கு ஒன்பது வருட அனுபவம் உண்டு, நான் கடின உழைப்பாளி" என்று செலவழித்தால் அவ்வளவுதான், அதற்கு மேலும் கீழும் இருப்பவர்கள் எல்லோரும் அதையேதான் எழுதியிருப்பார்கள். அவர் விளம்பரத்தில் "கிரெடிட் கார்டு பாக்கி பொருந்தவில்லை" என்று எழுதியிருக்கிறார் என்றால், "உங்கள் கார்டு பாக்கி பொருந்தாததற்கு ஒரே பில் இரண்டு முறை பதிவானது காரணமாக இருக்கலாம், முதலில் கடைசியாகப் பொருந்திய மாதத்திலிருந்து பார்ப்பேன்" என்று ஆரம்பியுங்கள். இதை எழுத அனுபவம் வேண்டும், உங்களுக்கு இருக்கிறது. ஏஐயிடம் கொடுத்து நாற்பது கடிதம் தயாரிக்கிறவர்களுக்கும் உங்களுக்கும் வித்தியாசம் தெரிவது இந்த இடத்தில்தான்.

ப்ரொஃபைலில் டேட்டா என்ட்ரி, எக்செல், அக்கவுண்ட்ஸ், மொழிபெயர்ப்பு, விர்ச்சுவல் அசிஸ்டன்ட் என்று வரிசையாகப் போட்டிருந்தால் அதையும் சுருக்குங்கள். பின்தங்கிப்போன கணக்குகளைச் சரிசெய்து தருபவர் என்று ஒன்றே ஒன்று போதும். எல்லாம் தெரியும் என்பவரைத் தேடி யாரும் வருவதில்லை. டேட்டா என்ட்ரி, சாதாரணக் கட்டுரை போன்றவற்றை மென்பொருளே செய்து முடிக்கத் தொடங்கிவிட்டதால் அந்தப் பக்கம் கூட்டம் அதிகம், கூலி குறைவு.

யாருக்கு விண்ணப்பிக்கிறோம் என்பதிலும் கறாராக இருங்கள். அப்வொர்க்கில் ஒவ்வொரு விளம்பரத்தின் ஓரத்திலும் க்ளையன்டின் ஜாதகமே இருக்கும்: பணம் செலுத்தும் முறை சரிபார்க்கப்பட்டதா, இதுவரை எவ்வளவு செலவழித்திருக்கிறார், போட்ட விளம்பரங்களில் எத்தனை சதவீதத்துக்கு ஆள் எடுத்தார், சராசரியாக மணிக்கு என்ன கொடுத்தார். இருபது விளம்பரம் போட்டு இரண்டு பேரை மட்டும் எடுத்தவருக்கு உங்கள் கனெக்ட்ஸை வீணாக்காதீர்கள். ஐம்பது பேருக்கு மேல் விண்ணப்பித்துவிட்ட வேலையையும் விட்டுவிடுங்கள். முந்தைய ஃப்ரீலான்ஸர்கள் அவருக்கு எழுதிய கருத்துகளைக் கட்டாயம் படியுங்கள். "வேலையின் அளவு நடுவில் மாறியது" என்று நாசூக்காக ஒரு வரி இருந்தாலே போதும். இப்படிச் சலித்தால் வாரத்துக்கு ஐந்து விண்ணப்பம்கூடத் தேறாது. பரவாயில்லை. கனெக்ட்ஸுக்கு மாதம் 20 டாலர் என்று ஒரு வரம்பு வைத்துக்கொண்டு, தீர்ந்தால் அடுத்த மாதம்தான் என்று இருங்கள். விண்ணப்பம் மேலே தெரியக் கூடுதல் கனெக்ட்ஸ் ஏலம் கேட்கும் பூஸ்ட் வசதியை முதல் வேலை கிடைக்கும்வரை தொடவே வேண்டாம்.

ஃபைவரில் கதை தலைகீழ். அங்கே நீங்கள் கடை விரித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், வாங்குபவர் வருவார். விண்ணப்பச் செலவு இல்லை, ஆனால் தளம் 20 சதவீதம் எடுத்துக்கொள்ளும். ஃப்ரீலான்ஸர் டாட் காம் என்ற தளத்தில் நிலையான விலை வேலைக்கு 10 சதவீதம் அல்லது 5 டாலர், எது அதிகமோ அது. அதாவது 20 டாலர் வேலையில் கால்வாசி போய்விடும். சின்ன வேலைகளுக்கு அது ஆகாது. இரண்டு தளத்துக்கு மேல் அலைய வேண்டாம், ரிவ்யூக்கள் ஒரே இடத்தில் சேர்ந்தால்தான் மதிப்பு.

முதல் வேலைக்காக விலையை அடிமட்டத்துக்குக் குறைக்கச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மணி நேரக் கூலியைக் குறைப்பதற்குப் பதில் வேலையின் அளவைக் குறைத்துக் கேளுங்கள். "முதலில் ஒரு மாதக் கணக்கை மட்டும் சரிசெய்து தருகிறேன், பிடித்திருந்தால் மீதியைப் பேசுவோம்" என்றால் அவருக்கும் ரிஸ்க் குறைவு, உங்கள் கூலியும் அடிபடாது. 4 டாலரில் ஆரம்பித்த ஆளிடம் பின்னால் 12 கேட்டால் அவர் வேறு ஆளைத் தேடிக்கொள்வார்.

வேலை கிடைத்த பிறகு பணம் பத்திரமாக வர வேண்டுமே. நிலையான விலை ஒப்பந்தம் என்றால், அந்த மைல்ஸ்டோனுக்கான, அதாவது வேலையின் அந்தக் கட்டத்துக்கான தொகையை க்ளையன்ட் எஸ்க்ரோவில் (வேலை முடியும்வரை தளம் பிடித்துவைக்கும் கணக்கில்) கட்டிவிட்டார் என்று திரையில் தெரிந்த பிறகே கை வையுங்கள். ஒப்பந்தம் போட்டாயிற்று என்பதும் பணம் கட்டியாயிற்று என்பதும் ஒன்றல்ல. மணி நேர ஒப்பந்தம் என்றால் அப்வொர்க்கின் டெஸ்க்டாப் செயலியை ஓடவிட்டு வேலை செய்யுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை உங்கள் திரையைப் படம் பிடிக்கும், எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் க்ளையன்ட் தகராறு செய்தால் அதுதான் உங்கள் சாட்சி. நீங்களாகக் கையால் பதியும் நேரத்துக்குப் பாதுகாப்புக் கிடையாது.

பணம் கைக்கு வரும் வேகத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். மணி நேர வேலைக்கு வாரம் திங்களில் தொடங்கி ஞாயிறோடு முடியும். அதன்பின் பத்து நாள் கழித்துத்தான் எடுக்க முடியும். ஆக திங்கட்கிழமை செய்த வேலைக்கு இரண்டு வாரம் தாண்டித்தான் காசு. நிலையான விலை வேலையில் க்ளையன்ட் பார்த்து ஒப்புக்கொள்ள 14 நாள் வரை அவகாசம், அதற்கு மேல் 5 நாள் நிறுத்திவைப்பு. ஃபைவரில் ஆர்டர் முடிந்தபின் பெரும்பாலோருக்கு 14 நாள். மாதக் கடன் தவணையை இந்த வருமானத்தை நம்பி வைத்தால் ஒவ்வொரு மாதமும் தடுமாறுவீர்கள். எடுக்கும்போதும் 30, 40 டாலராக எடுக்காமல் சேர்த்து எடுங்கள். ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் உண்டு. மாற்று விகிதத்தில் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்பதை அன்றைய சந்தை விகிதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், உண்மையான செலவு அங்கேதான் ஒளிந்திருக்கும். வரும் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்து, வருமான வரிக்கு ஒரு பங்கை அன்றைக்கே ஒதுக்கிவிடுங்கள். சம்பளத்தில் நிறுவனமே பிடித்துக் கட்டிப் பழகியவர்களுக்கு வருடக் கடைசியில் இது பெரிய அதிர்ச்சியாக வரும்.

வேலையை விடுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். மாதாமாதம் வேலை தரும் மூன்று க்ளையன்டாவது சேரட்டும். அதில் ஒருவரே மொத்த வருமானத்தில் பாதிக்கு மேல் தருபவராக இருக்கக் கூடாது. அவர் போனால் நீங்களும் போனீர்கள். தளக் கட்டணமும் வரியும் போக நிகரமாக நிற்கும் தொகை, தொடர்ந்து ஆறு மாதம் உங்கள் வீட்டுச் செலவை ஈடுகட்டட்டும். அந்தச் செலவில், நிறுவனம் இப்போது உங்களுக்காகக் கட்டும் காப்பீடு, ஓய்வூதியப் பங்களிப்பு இரண்டையும் நீங்களே கட்டுவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் ஆறு மாதச் செலவுப் பணம் தொடாமல் இருக்க வேண்டும். இத்தனையும் சேர ஒன்றரை வருடம் ஆனாலும் ஆகட்டும், சம்பளம்தான் வந்துகொண்டிருக்கிறதே.

நல்ல க்ளையன்ட் அமைந்ததும், கமிஷனை மிச்சம் பிடிக்கலாம், நேரடியாகப் பணம் அனுப்புகிறேன் என்பார். அப்வொர்க் மூலம் அறிமுகமானவரோடு 24 மாதம் தளத்தின் வழியாகத்தான் பணப் பரிமாற்றம் நடக்க வேண்டும் என்பது விதி. முன்பே வெளியேற அதற்கென்று ஒரு கட்டணம் இருக்கிறது. 10 சதவீதத்துக்காகச் சேர்த்த ரிவ்யூ எல்லாவற்றையும் கணக்கோடு இழக்காதீர்கள். இன்னொன்று, அடுத்த விண்ணப்பத்துக்கு முன்பே செய்ய வேண்டியது: இப்போதைய நிறுவனத்தில் சேரும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை எடுத்து, வெளி வேலை செய்யத் தடை இருக்கிறதா என்று பாருங்கள். கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கு அந்த ஷரத்து இருக்கக்கூடும். இருந்தால் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு தொடருங்கள்.