கேளுங்கள், சொல்கிறோம்: லத்திகா சரணுக்குப் பிறகு?

தமிழக போலீஸில் டி.ஜி.பி. ஆன ஒரே பெண் லத்திகா சரண்தானா? (வாசகி ஒருவர், திண்டுக்கல்)

இல்லை. டி.ஜி.பி. என்ற ரேங்க்கை எட்டிய பெண்கள் இங்கே பலர் உண்டு. எழுத்தாளர் திலகவதி ஒருவர் போதாதா? போலீஸ் வேலைக்கு நடுவே நாவல் எழுதி, 2005-இல் சாகித்ய அகாடமி விருதும் வாங்கியவர். ஆனால் சட்டம் ஒழுங்கு டி.ஜி.பி., அதாவது மொத்தப் படைக்கும் தலைவர் என்கிற நாற்காலி வேறு. அதில் உட்கார்ந்தவர் லத்திகா சரண். இடுக்கியில் பிறந்தவர், திலகவதியோடு 1976 பேட்ச், கிரண் பேடி முதல் பெண் ஐ.பி.எஸ். அதிகாரியாகி நான்கே வருடம் ஆகியிருந்த நேரம் அது. 2006-இல் சென்னையின் முதல் பெண் கமிஷனர், 2010 ஜனவரியில் டி.ஜி.பி.

அவருக்குப் பின் ராமானுஜம், அசோக்குமார், டி.கே.ராஜேந்திரன், திரிபாதி, சைலேந்திரபாபு, சங்கர் ஜிவால் என்று 2025 ஆகஸ்ட் வரை வரிசையாக ஆண்கள்தான். தகுதியான பெண்ணே இல்லையா என்றால், இதே தமிழக கேடரின் அர்ச்சனா ராமசுந்தரத்தை 2016-இல் மத்திய அரசு எஸ்.எஸ்.பி. (சசஸ்திர சீமா பல்) என்ற எல்லைக் காவல் படைக்குத் தலைவராக்கியது, ஒரு துணை ராணுவப் படைக்குப் பெண் தலைவர் வந்தது அதுதான் முதல் முறை. டெல்லிக்குத் தெரிந்த ஆள் கோட்டைக்குத் தெரியவில்லை போலிருக்கிறது!

லத்திகா சரணின் நியமனத்தை கோர்ட் ரத்து செய்ததாமே, ஏன்? (வாசகர், நாகர்கோவில்)

ரத்து செய்தது உண்மை, ஆனால் அவர் தப்பு செய்ததால் அல்ல. பிரகாஷ் சிங் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: மூத்த அதிகாரிகளில் யு.பி.எஸ்.சி. (மத்திய தேர்வாணையம்) மூன்று பேரைத் தேர்ந்து கொடுக்கும், அவர்களில் ஒருவரைத்தான் மாநில அரசு டி.ஜி.பி. ஆக்க வேண்டும். தமிழக அரசு அந்த வழியில் போகவில்லை. லத்திகா சரணைவிட மூத்தவரான ஐ.பி.எஸ். அதிகாரி நடராஜ் வழக்குப் போட்டார், 2010 அக்டோபரில் நியமனம் செல்லாது என்றது சென்னை உயர் நீதிமன்றம். சரி என்று அரசு பட்டியலை யு.பி.எஸ்.சி.க்கு அனுப்பி, அடுத்த மாதமே முறைப்படி மறுபடியும் லத்திகா சரணையே நியமித்தது. சுவாரஸ்யம் என்னவென்றால், 2006 தேர்தல் நேரத்தில் சென்னை கமிஷனர் பதவியிலிருந்து நடராஜை தேர்தல் ஆணையம் மாற்றியபோது அந்த இடத்துக்கு வந்தவரும் லத்திகா சரணேதான். யாரும் திட்டமிட்டதாகத் தெரியவில்லை, அமைந்துவிட்டது.

என் மகளுக்கு டி.ஜி.பி. ஆக ஆசை. முதலில் எஸ்.ஐ. தேர்வு எழுதட்டுமா? (அம்மா, சேலம்)

போலீஸ் வேலைதான் வேண்டும் என்றால் தாராளமாக எழுதட்டும், பெண்களுக்கு 30 சதவீத இட ஒதுக்கீடும் இருக்கிறது. டி.ஜி.பி. ஆசை என்றால் அந்த வழி ரொம்பச் சுற்று. எஸ்.ஐ.யாகச் சேர்ந்தவர் அத்தனை படியும் ஏறி முடிப்பதற்குள் ரிட்டயர்மென்ட் வந்துவிடும். குரூப் 1 எழுதி டி.எஸ்.பி. ஆனால் பிறகு ஐ.பி.எஸ். அந்தஸ்து கிடைக்கும், ஆனால் அதற்கே பல வருடம் போய்விடும், உச்சிக்குப் போக மிச்சக் காலம் போதாது. லத்திகா சரண் நேரடி ஐ.பி.எஸ்., அவருக்கே 34 வருடம் பிடித்தது, ஓய்வு வயதோ 60. எனவே சிவில் சர்வீஸ் தேர்வுதான், அதுவும் இருபதுகளின் முதல் பாதியிலேயே பாஸ் செய்தால் நல்லது. இன்னொன்று, கல்யாணத்தை முடித்துவிட்டுப் படிக்கட்டும் என்று நீங்களே அதில் இரண்டு வருடத்தைக் கழித்துவிடாதீர்கள் அம்மா.