எதற்குப் படிக்கிறீர்கள், அதை முதலில் சொல்லுங்கள்

கோடை வந்தாலே ‘புதிதாக ஏதாவது கற்றுக்கொள்ளலாமா?’ என்ற கடிதங்கள் குவிந்துவிடும். நான்கை மட்டும் எடுத்திருக்கிறேன்.

பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து நான்கு வருடமாகத் தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். கூட வேலை செய்யும் தோழிகள் எல்லோரும் ஜெர்மன் வகுப்பில் சேர்ந்துவிட்டார்கள். நானும் சேரலாமா? எத்தனை மாதத்தில் முடிக்கலாம்?
- வாசகி, நாகர்கோவில்

உங்கள் முழுக் கடிதத்தில் தோழிகள் ஐந்து இடத்தில் வருகிறார்கள். ஜெர்மனிக்குப் போகப்போகிறேன் என்று ஓர் இடத்தில்கூட இல்லை. அதனால்தான் கேட்கிறேன், போகிற எண்ணம் இருக்கிறதா, வீட்டில் பேசியாயிற்றா?

ஜெர்மனை ‘முடிப்பது’ என்று ஒன்று கிடையாது. ஏ1-இல் தொடங்கி சி2 வரை ஆறு படிகள். எந்தப் படியில் நிற்கலாம் என்பது போகிற காரியத்தைப் பொறுத்தது. கணவர் அங்கே வேலையில் இருக்க, மனைவி போய்ச் சேர்வதற்குப் பொதுவாக ஏ1 போதும் (கணவர் புளூ கார்டில், அதாவது உயர்படிப்பு படித்தவர்களுக்கான வேலை அனுமதியில், இருந்தால் விசாவுக்கு அதுவும் கட்டாயமில்லை). ஆங்கில வழியில் எம்.எஸ். படிக்கப் போகிற பையனிடம் பல பல்கலைக்கழகங்கள் ஜெர்மன் சான்றிதழே கேட்பதில்லை. ஆனால் அங்கே நர்ஸாகப் பதிவு பெற பெரும்பாலான மாநிலங்களில் பி2 வேண்டும். அதாவது நான்காவது படி.

பி2-ஐ எட்ட, 45 நிமிடப் பாடவேளைகள் 600 முதல் 800 வரை ஆகும் என்பது ஜெர்மன் சொல்லிக்கொடுத்துத் தேர்வும் நடத்துகிற கோதே இன்ஸ்டிட்யூட்டின் கணக்கு. நாளுக்கு இரண்டு என்று வைத்தாலும் 300 நாளுக்குக் குறையாது, அதில் உங்கள் நைட் டியூட்டி வாரங்களைக் கழித்துப் பாருங்கள். அவர்களுடைய பி2 தேர்வில் வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு என்று நான்கு பகுதி, ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 எடுத்தாக வேண்டும். இதற்கு நடுவில் மேசை ஆண்பால், விளக்கு பெண்பால், புத்தகம் இரண்டும் இல்லை என்று ஒவ்வொரு சொல்லோடும் சேர்த்து மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும். மூன்றையும் அஃறிணை என்று ஒரே மூட்டையில் கட்டிப்போட்டு வளர்ந்த நமக்கு இது லேசில் மண்டையில் ஏறாது. தோழிகள் சேர்ந்தார்கள் என்ற உற்சாகம் இரண்டாவது படி வரைக்கும்தான் வண்டியை இழுக்கும்.

மொழியைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு, வகுப்பில் சேர்க்கிறவர்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை. நம் ஊரில் நோயாளியைக் குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, ஊட்டிவிடுவதெல்லாம் ஆயாம்மாவும் கூட இருக்கிற சொந்தக்காரர்களும் பார்த்துக்கொள்வார்கள். அங்கே அது நர்ஸ் வேலையிலேயே சேர்த்தி. ஐ.வி. லைன் போட்டுப் பழகிய கை, காலையில் எண்பது வயதுப் பாட்டிக்கு முகம் துடைத்துவிடும். அதில் குறைச்சல் ஒன்றுமில்லை, ஆனால் முன்கூட்டியே தெரிந்து ஒப்புக்கொண்டு போவது வேறு, போய் இறங்கிய பிறகு திகைப்பது வேறு. உங்கள் படிப்பை அவர்களுடையதோடு ஒப்பிட்டுப் பார்த்து, குறை இருந்தால் பயிற்சியோ ஒரு தேர்வோ வைப்பார்கள், அது முடிகிற வரை உதவியாளர் நிலையில்தான் வேலை.

அதனால் வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால், ஏற்கெனவே போன ஒருவரைப் பிடித்து ‘நேற்று காலை ஆறு மணியிலிருந்து என்னென்ன செய்தீர்கள்?’ என்று கேளுங்கள். ‘ஜெர்மனி எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் பனி அழகாக இருக்கிறது என்பார்கள், அதை வைத்துக்கொண்டு நீங்கள் ஒன்றும் முடிவு செய்ய முடியாது. அவர் சொல்வதைக் கேட்ட பிறகும் மனசு போகத் துடித்தால் அன்றைக்கே சேருங்கள். இல்லை, பிரிட்டன்தான் யோசனை என்றால் படிக்க வேண்டியது ஐஈஎல்டிஎஸ் அல்லது ஓஈடி என்ற ஆங்கிலத் தேர்வுக்கு. வளைகுடா என்றால் அந்தந்த நாட்டு லைசென்ஸ் தேர்வு. ஜெர்மன் வகுப்புக்குக் கட்டுகிற பணம் இந்த இரண்டுக்கும் உதவாது.

பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். வயது 34. பைதான் என்ற புரோகிராமிங் மொழி தெரியாவிட்டால் இனி வேலையே இல்லை என்கிறார்கள். ஆறு மாத கோர்ஸில் சேரலாமா?
- வாசகர், திருப்பூர்

யார் சொன்னது, கோர்ஸ் நடத்துகிறவரா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். போன வாரம் ஆபீஸில் என்ன செய்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். டேலியிலிருந்து எடுத்து எக்செல்லில் ஒட்டி, எந்தப் பார்ட்டி எவ்வளவு பாக்கி என்று பிரித்து, சாயப்பட்டறை பில்லையும் நிட்டிங் பில்லையும் ஆர்டர்வாரியாகக் கோத்து, சனிக்கிழமை சாயங்காலம் முதலாளிக்கு அனுப்பினீர்கள், சரியா? இதில் முக்கால்வாசி பிவட் டேபிளும் (தொகுத்துக் காட்டுவது) விலுக்கப்பும் (தேடி எடுத்துக் கோப்பது) செய்கிற வேலை. வாராவாரம் அதே ஃபைலை அதே மாதிரி சுத்தம் செய்வது பவர் குவெரி வேலை, ஒரு முறை சொல்லிக் கொடுத்துவிட்டால் அடுத்த வாரம் ரெஃப்ரெஷ் அழுத்தினால் போதும். இவை எக்செல்லுக்குள்ளேயே இருக்கின்றன, இரண்டு மூன்று வாரம் ராத்திரி ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் பழகிவிடும். இதையெல்லாம் செய்து பார்த்த பிறகும் ‘ஐயோ, இதற்கு மேல் எக்செல் தாங்காது’ என்று ஓர் இடம் வந்தால் அப்போது பைதானைத் தொடுங்கள். அந்த வேலையே உங்களுக்குப் பாடமாக இருக்கும், கோர்ஸில் வருகிற உதாரணங்களைவிட வேகமாகப் புரியும்.

அக்கவுண்ட்ஸை விட்டுவிட்டு ஐ.டி.க்கே மாற நினைக்கிறீர்கள் என்றால் அது வேறு கேள்வி. அதற்கு ஆறு மாதம் பற்றாது, டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கிற எஸ்கியூஎல்லும் வேண்டும், செய்து காட்ட நாலு வேலை கையில் வேண்டும், ஆரம்பத்தில் சம்பளம் குறையவும் கூடும். இரண்டில் எது என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

குரூப் 4-க்குப் படிக்கிறேன். டைப்ரைட்டிங்கும் சேர் என்று அப்பா தினமும் சொல்கிறார். இந்தக் காலத்தில் அது எதற்கு?
- வாசகர், விருத்தாசலம்

தம்பி, குரூப் 4-இல் எந்த வேலை என்று முடிவு செய்தீர்களா? வி.ஏ.ஓ., இளநிலை உதவியாளர் என்றால் டைப்ரைட்டிங் கேட்கமாட்டார்கள், படிக்கிற நேரத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். தட்டச்சர் பணிக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் சான்றிதழ் வேண்டும், குறைந்தது ஒன்றில் ஹையர், மற்றதில் லோயர். லோயர் என்றால் நிமிடத்துக்கு 30 சொல், ஹையர் என்றால் 45. அந்தச் சான்றிதழ் இல்லாதவர்கள் தட்டச்சர் பட்டியலுக்குள்ளேயே வர முடியாது என்பதால் போட்டி போடுகிற கூட்டம் சுருங்கும். அப்பா மனதில் ஓடுகிற கணக்கு அதுதான், கணக்கு தப்பில்லை. அரசுத் தட்டச்சுத் தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும், இரண்டு மொழியிலும் ஹையர் வரை போக எத்தனை தேர்வு ஆகும் என்று விரல் விட்டு எண்ணிவிட்டு அப்பாவிடம் பேசுங்கள்.

ரிட்டையர் ஆகி ஒரு வருடம் ஆகிறது. வீணை கற்றுக்கொள்ள ஆசை. இந்த வயதில் லட்சியம், இலக்கு எல்லாம் தேவையா என்ன?
- வாசகி, கும்பகோணம்

லட்சியம் வேண்டாம் அம்மா. ஆனால் என்ன வாசிக்க ஆசை என்று மட்டும் சொல்லுங்கள். ஐம்பது வயதில் நான் ஒரு கீபோர்டு வாங்கினேன். சும்மா கற்றுக்கொள்ளலாமே என்றுதான். எந்தப் பாட்டு வேண்டும் என்று ஆசிரியர் கேட்டபோது ‘எதுவானாலும் சரி சார்’ என்றேன், நாலே வாரத்தில் அது பரணுக்குப் போய்விட்டது, தப்பு அவர் மேல் இல்லை. வெள்ளிக்கிழமை பூஜையில் ஒரே ஒரு கீர்த்தனை வாசிக்க வேண்டும் என்பது உங்கள் ஆசையாக இருந்தால் அதையே முதல் நாள் ஆசிரியரிடம் சொல்லுங்கள். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்ற ஆரம்பப் பாடங்கள் எல்லாவற்றையும் எப்படியும் தாண்டித்தான் ஆக வேண்டும், ஆனால் எதை நோக்கிப் போகிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். இடது கை விரல் நுனியில் கம்பி பதிந்து முதல் சில வாரம் எரியும். சம்மணம் போட்டு முக்கால் மணி நேரம் உட்கார முழங்கால் ஒத்துக்கொள்கிறதா என்று இன்றைக்கே வீட்டில் உட்கார்ந்து பாருங்கள். வீணையை உடனே வாங்க வேண்டாம், முதல் மூன்று மாதம் ஆசிரியர் வீட்டு வீணையிலேயே பழக முடியுமா என்று கேளுங்கள். எங்கள் வீட்டுப் பரணில் இதற்கு மேல் இடமில்லை.