பழைய போர்தோ ஒயினைத் திறக்கும் முன்: கேள்வி பதில்

கேள்வி: ஒயின் பழசாக ஆக ருசி கூடும் என்பது உண்மையா?

பெரும்பாலான ஒயினுக்கு இல்லை. பிரான்சில் விற்பதில் பெரும்பங்கு ஓரிரு வருடத்துக்குள் குடிக்கத்தான். நவம்பர் மூன்றாம் வியாழன் கடைக்கு வரும் போஜொலே நூவோ என்ற இளம் ஒயினைப் பத்து வருடம் பூட்டி வைத்தால் வெறும் புளித்தண்ணீர்தான் மிஞ்சும். காலத்தைத் தாங்க துவர்ப்பு, புளிப்பு, பழச்சாறின் அடர்த்தி மூன்றும் வேண்டும்.

கேள்வி: 1996ஆம் ஆண்டு போயாக் (பிரான்சின் போர்தோ பகுதிச் சிவப்பு ஒயின்) ஒன்று கைக்கு வந்திருக்கிறது. அதில் எதைப் பார்ப்பது?

நல்ல வருடம். போயாக் இருக்கும் மெடோக் பக்கம் கபர்னே சோவினோ திராட்சை அந்த வருடம் அருமையாகப் பழுத்தது.

முதலில் கோப்பையை ஒரு வெள்ளைத் தாளின் மேல் சாய்த்து, ஓரத்தைப் பாருங்கள். இளசாக இருந்தபோது ஊதா அடித்த இடம் இப்போது செங்கல் நிறமாகியிருக்கும். நடுப்பகுதி இன்னும் சிவந்திருந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். முழுக்கப் பழுப்பு என்றால் கவலைப்பட வேண்டியதுதான்.

அப்புறம் மணம். கோப்பையைச் சுழற்றாமல் ஒருமுறை முகருங்கள். திறந்தவுடன் மூடிக் கிடந்த அறை மாதிரி ஒரு வாடை வரலாம், பயப்படாதீர்கள். பத்து நிமிடத்தில் அது விலகி தேவதாரு மரம், சுருட்டுப் பெட்டி, பென்சில் சீவல், மழைக்குப் பின் காய்ந்த இலை என்று வரிசையாக வரும். அவற்றுக்கு அடியில் பழத்தின் மணம் கொஞ்சமாவது இருக்கிறதா என்று தேடுங்கள். நான் மதிப்பிடுவது அதை வைத்துத்தான். வெறும் இலையும் காளானும் மட்டும் என்றால், அதன் காலம் முடிந்துவிட்டது. விழுங்கியபின் ருசி எத்தனை விநாடி நிற்கிறது என்று மனதுக்குள் எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: அடியில் மண் மாதிரி படிந்திருக்கிறதே, கெட்டுவிட்டதா?

இல்லை. துவர்ப்பைத் தரும் டானினும் நிறமியும் காலப்போக்கில் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து, அடியில் இறங்கும். துவர்ப்பு மெத்தென்று ஆவதும் அதே மாற்றத்தால்தான். ஒரு நாள் முன்பே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள். கழுத்துக்குக் கீழே ஒரு டார்ச் வைத்து மெதுவாக ஊற்றுங்கள். வண்டல் பாட்டிலின் தோளுக்கு வந்ததும் நிறுத்துங்கள். கடைசி இரண்டு வாய் கசக்கும், போகட்டும்.

கேள்வி: டிகாண்டரில் (ஒயினைக் காற்றாட ஊற்றி வைக்கும் கண்ணாடிக் குடுவை) இரண்டு மணி நேரம் வைக்கச் சொல்கிறார்களே?

2016 போர்தோ என்றால் சரி. வயதான ஒயினுக்கு வேண்டாம். ஒருமுறை நான் பழைய பர்கண்டி ஒயின் ஒன்றை டிகாண்டரில் ஊற்றிவிட்டு சமையலைக் கவனிக்கப் போனேன். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் ஆறிய கறுப்புத் தேநீர்! இன்றும் வயிறு எரிகிறது.

கேள்வி: ஈரமான அட்டைப்பெட்டி வாடை?

கார்க்கின் குற்றம். டிசிஏ என்ற சேர்மம். உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் காத்திருந்தாலும் அந்த வாடை போகாது.

கேள்வி: ஏலத்தில் பழைய பாட்டில் வாங்கலாமா?

ஒயினின் மட்டத்தைப் பாருங்கள். கழுத்துக்குள் இருந்தால் நல்லது. தோளின் பாதிக்கு இறங்கியிருந்தால் காற்று புகுந்திருக்க வாய்ப்பு அதிகம். அதைவிட முக்கியம், அது யார் கையிலிருந்து வருகிறது என்பது. 2008இல் நியூயார்க் ஏலம் ஒன்றுக்கு 1945 முதலான க்ளோ சேன் தெனி என்ற பர்கண்டி ஒயின் பாட்டில்கள் வந்தன. லேபிளில் பொன்சோ என்ற ஒயின் தயாரிப்புக் குடும்பத்தின் பெயர். அவர்கள் அந்த ஒயினைத் தயாரிக்கத் தொடங்கியதே 1980களில்தான்! அந்தக் குடும்பத்தின் லொரான் பொன்சோ நேரில் வந்து நிறுத்தினார். அவற்றை ஏலத்துக்குக் கொடுத்த ரூடி குர்னியவானுக்குப் போலி ஒயின் விற்றதற்காக 2014இல் பத்து வருடச் சிறை.

கேள்வி: 2001 சொத்தேர்ன் (போர்தோ பகுதியின் இனிப்பு வெள்ளை ஒயின்), அரை பாட்டில். இன்னும் வைக்கலாமா?

அருமையான வருடம், தங்கத்திலிருந்து தேன் நிறத்துக்கு வந்திருக்கும். இனிப்பு குறைந்த மாதிரி நாக்குக்குத் தோன்றும், ஆரஞ்சுத் தோல் மணம் வரும். முழு பாட்டில் என்றால் இன்னும் பல வருடம் தாங்கும். அரை பாட்டில் சீக்கிரம் முதிரும், அதனால் இந்த வருடமே திறந்துவிடுங்கள்.