ஏஞ்சல் மீன் தொட்டிக்கு 5 மி.மீ. கண்ணாடி தாங்குமா?

கேள்வி: தோப்பில் ஷெட் போட்டு வண்ண மீன் வளர்க்கிறேன். ஏஞ்சல் மீனுக்கு 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 2 அடி உயரத்தில் கண்ணாடித் தொட்டி நானே ஒட்டலாம் என்றிருக்கிறேன். 5 மி.மீ. கண்ணாடி போதும் என்கிறார்கள். தண்ணீரின் அழுத்தத்தை எப்படிக் கணக்கிடுவது?

பதில்: 5 மி.மீ. வேண்டாம். நிரப்பும்போதே உடைய வாய்ப்பு அதிகம்.

தொட்டியில் எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்பதை வைத்துக் கண்ணாடியின் கனத்தை முடிவு செய்யாதீர்கள். சுவரில் விழும் அழுத்தத்தைத் தீர்மானிப்பது தண்ணீரின் ஆழம்தான். அகலத்துக்கு அதில் பங்கே இல்லை. ஒவ்வொரு செ.மீ. ஆழத்துக்கும் சதுர செ.மீ.க்கு 1 கிராம் கூடும். உங்கள் தொட்டியின் உயரம் 60 செ.மீ. ஆகவே அடியில் 60 கிராம், மேல்மட்டத்தில் பூஜ்யம், சராசரி 30. முன்பக்கக் கண்ணாடி 120 × 60 = 7,200 சதுர செ.மீ. அதை 30 கிராமால் பெருக்கினால் 216 கிலோ. பக்கவாட்டுக் கண்ணாடிக்கு இதே கணக்கில் 81 கிலோ. தண்ணீரை விளிம்புக்குக் கீழேயே நிறுத்துவேன் என்றாலும் முழு உயரத்துக்கே கணக்குப் போடுங்கள். குழாயை மூட மறக்கும் நாளும் வரும்.

நீளத்தை மாற்றாமல் உயரத்தைப் பாதியாக்கினால் மொத்த விசை கால்பங்காகும். நீளத்தைப் பாதியாக்கினால் விசை பாதிதான் குறையும். கண்ணாடி நடுவில் வெளிப்பக்கம் வளைந்து, இழுவை தாங்காமல்தான் உடைகிறது. மேல்விளிம்பில் கண்ணாடிப் பட்டை ஒட்டாத 120 × 60 தொட்டியில், சாதாரணக் கண்ணாடியின் இழுவலிமையைச் சதுர மி.மீ.க்கு சுமார் 19 நியூட்டன் எனக் கொண்டு, வழக்கமான 3.8 மடங்குப் பாதுகாப்பும் வைத்தால் 11.7 மி.மீ. வருகிறது. அதாவது 12 மி.மீ. கண்ணாடி. 5 மி.மீ.யில் இழுவிசை சதுர மி.மீ.க்கு 27 நியூட்டனைத் தாண்டிவிடும்.

ஏஞ்சல் மீன் இனவிருத்திக்கு 45 செ.மீ. உயரம் தாராளம். அப்படிச் செய்தால் முன்பக்க விசை சுமார் 122 கிலோ, 8 மி.மீ. கண்ணாடி போதும். கண்ணாடிக் காசும் மிச்சம். எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. மேலே இரு நீள விளிம்புகளிலும் 6 செ.மீ. அகலப் பட்டையும் நடுவில் ஒரு குறுக்குப் பட்டையும் ஒட்டினால் வளைவு இன்னும் குறையும்.

வெட்டக் கொடுக்கும்போது பலரும் தவறுவது பக்கக் கண்ணாடி அளவில். அடிக்கண்ணாடி 120 × 45. அதன் மேல் முன்னும் பின்னும் 120 செ.மீ. துண்டுகள் நிற்கும். பக்கத் துண்டு அவற்றுக்கு இடையில் நுழைவதால் 45 அல்ல: இரு கண்ணாடிக்கு 1.6, இரு ஒட்டுக்கு 0.3 கழித்து 43.1 செ.மீ. ஒட்டில் ஒன்றரை மி.மீ. சிலிகான் நிற்க வேண்டும். கண்ணாடியை அழுத்திப் பசையைப் பிதுக்கிவிட்டால் அந்த ஒட்டு நிற்காது.

வினிகர் வாடை அடிக்கும் கண்ணாடி சிலிகானை வாங்குங்கள். பூஞ்சைக்கொல்லி கலந்த பாத்ரூம் சிலிகான் மீனைக் கொல்லும். டியூபில் காலாவதித் தேதியைப் பார்க்கத் தவறாதீர்கள். பழையது சரியாக இறுகாது. விளிம்புகளை அசிட்டோனால் துடைத்து, விரல் படாமல் ஒட்டி, ஒரு வாரம் காயவிடுங்கள். காய்ந்த சிலிகான் மேல் புதியது ஒட்டாது. பின்னால் கசிந்தால் மேலே பூசிப் பயனில்லை, பழையதைச் சுரண்டி எடுத்துத்தான் ஒட்ட வேண்டும்.

45 செ.மீ. உயரத் தொட்டி நிரம்பினால், மணல் இல்லாமலே, 243 கிலோ தண்ணீரும் 40 கிலோ கண்ணாடியுமாக 280 கிலோவைத் தாண்டும். ஸ்டாண்டை ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, அரை அங்குலத் தெர்மாகோலை அடியில் முழுப் பரப்புக்கும் விரியுங்கள். அடியில் ஒரு சிறு கல் சிக்கினாலும் அந்த இடத்தில் விரிசல் விடும்.

முதலில் வெளியில் வைத்து, மூன்றில் ஒரு பங்காக நிரப்பிச் சில மணி நேரம் பாருங்கள். முழுதும் நிரம்பியபின் முன்கண்ணாடியின் இரு ஓரத்துக்கும் நூலை இழுத்துப் பிடித்தால் நடுப்பகுதி எவ்வளவு புடைத்திருக்கிறது என்பது தெரியும். 2 மி.மீ.க்கு மேல் புடைத்தால் உடனே வடித்துவிடுங்கள். இல்லையென்றால் இரண்டு நாள் அப்படியே விட்டு, ஒட்டுகளின் மீது காகிதத்தை ஒற்றி ஈரம் பார்த்தபின் மீனை விடலாம்.