கேஸ் போடுவதற்கு முன்னால்: கேரவன் ஏ.சி. கேள்வி பதில்

அக்னி நட்சத்திரம் பிறந்துவிட்டால் என் போனுக்கு ஓய்வு கிடையாது. மதுரையில் வேன்களுக்கும், இப்போது கொஞ்ச வருடங்களாக உள்ளே கட்டில், அடுப்பு எல்லாம் வைத்துக் கட்டிய கேரவன்களுக்கும் ஏ.சி. வேலை பார்க்கிறேன். யார் என்ன கேட்டாலும் கடைசியில் "கேஸ் போடணுமாண்ணே?" என்றுதான் வந்து நிற்கும். ஏ.சி.யைக் குளிர வைக்கிற வாயுதான் இந்த கேஸ். அது ஒன்றும் பெட்ரோல் இல்லை, எரிந்து தீர்வதற்கு. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது. அதை அடைக்காமல் மேலே மேலே ஏற்றிவிட்டுக் காசு வாங்குகிறவரிடம் அடுத்த தடவை போகாதீர்கள்.

சரி, இந்தத் தடவை வந்த கேள்விகள்.

கே: உசிலம்பட்டி பக்கம் குலதெய்வம் கோயிலுக்குக் கேரவனில் போயிருந்தோம். பக்கத்து வீட்டில் கேட்டு, அங்கிருந்து ஒயர் இழுத்து கரண்ட் எடுத்தோம். ஃபேன் ஓடுகிறது, கம்ப்ரஸர் "ம்ம்ம்" என்று முனகிவிட்டு நின்றுவிடுகிறது. மதுரை வந்ததும் நன்றாக ஓடுகிறது. கேஸ் குறைவு என்கிறார் மெக்கானிக்.

ப: ஊருக்கு ஊர் கேஸ் ஏறி இறங்குமா? மதுரையில் ஓடுகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அதிலேயே பதில் இருக்கிறது. உங்கள் ஒயர்தான் திருடன்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்களுடையது 1 டன், இன்வெர்ட்டர் (கம்ப்ரஸர் வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கிற வகை) இல்லாத பழைய வகை. ஓடும்போது 5 ஆம்ப்ஸ் இழுக்கும், ஆனால் கம்ப்ரஸர் கிளம்புகிற அந்த ஒரு நொடியில் அதைப்போல ஐந்து மடங்கு, அதாவது 25 ஆம்ப்ஸ் வரைக்கும் கேட்கும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற 1 சதுர மி.மீ. ஒயரை 30 மீட்டர் இழுத்தால், போக வர 60 மீட்டர் செம்பு, கிட்டத்தட்ட 1 ஓம் தடை. 25 ஆம்ப்ஸ் போகும்போது அந்த ஒயரிலேயே 25, 27 வோல்ட் காணாமல் போய்விடும். அந்த வீட்டில் ராத்திரி 195 வோல்ட்தான் இருந்தது என்று வையுங்கள், உங்கள் வண்டிக்கு வந்து சேர்வது 170கூட இல்லை. கம்ப்ரஸர் முனகாமல் என்ன செய்யும்? இதே தூரத்துக்கு 4 சதுர மி.மீ. ஒயர் போட்டிருந்தால் இழப்பு 7 வோல்ட்டோடு முடிந்திருக்கும். விலை அதிகம்தான், ஆனால் கம்ப்ரஸர் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

இன்னொன்று, மிச்ச ஒயரை உருளையிலேயே சுற்றி வைத்துவிட்டு ஏ.சி. போடாதீர்கள். சுற்றிய ஒயர் சூடாகி உருகும், முழுசாக அவிழ்த்துத் தரையில் போட்டுவிடுங்கள். அப்புறம் பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சொருக வேண்டும், இரும்பு வண்டிக்குள் வெறுங்காலோடு ஏறி இறங்குவது பிள்ளைகள். பம்புசெட்டில் இருந்து எடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கூடாது. அது விவசாயத்துக்குக் கொடுத்த கரண்ட்.

திரும்பி வந்ததும், கம்ப்ரஸர் கிளம்ப உந்திவிடுகிற கெபாசிட்டரையும் ஒரு தடவை அளக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் நலிந்த கெபாசிட்டர் நல்ல வோல்ட்டேஜில் சமாளித்துவிடும், வோல்ட்டேஜ் இறங்கினால்தான் காட்டிக்கொடுக்கும். நீங்களே மூடியைக் கழற்றித் தொட வேண்டாம், கரண்டை நிறுத்திய பிறகும் அதற்குள் மின்சாரம் தேங்கி நிற்கும்.

கே: இரண்டு மணி நேரம் ஜில்லென்று வருகிறது, அப்புறம் காற்றே வருவதில்லை. உள்ளே காயிலில் ஐஸ் கட்டியிருக்கிறது.

ப: ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். செம்மண் ரோட்டில் ஓடிய வண்டி என்றால் அதில் விதை போட்டால் முளைக்கும். காற்று போதாமல் காயில் உறைகிறது, உறைந்த ஐஸ் மிச்சக் காற்றையும் அடைக்கிறது, அவ்வளவுதான். கூலிங்கை நிறுத்தி ஃபேனை மட்டும் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள், ஐஸ் கரைந்துவிடும். ஸ்குரூடிரைவரால் குத்தி எடுக்காதீர்கள், காயிலில் ஓட்டை விழுந்தால் அப்போது நிஜமாகவே கேஸ் போட வேண்டிவரும். ஃபில்டரைக் கழுவி, ஃபேன் வேகத்தைக் கூட்டி, 16இல் வைக்காமல் 24இல் வைத்து ஓட்டுங்கள். அதற்கப்புறமும், காயில் முழுக்க இல்லாமல் ஒரு ஓரத்தில் மட்டும் ஐஸ் பிடித்தால், அப்போது கேஸைச் சந்தேகப்படலாம்.

கே: படுக்கைக்கு மேலேயே தண்ணீர் சொட்டுகிறது. கூரை ஏ.சி.

ப: வைகையில் தண்ணீர் ஓடாத மாதத்திலும் கூரை ஏ.சி. ஓடவிட்டுவிடும். முதலில் அது எந்தத் தண்ணீர் என்று தெரிய வேண்டும். ஏ.சி.யை நிறுத்திவிட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு, கூரையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். உள்ளே சொட்டினால் ஏ.சி.க்கும் கூரைக்கும் நடுவில் தண்ணீர் புகாமல் அடைக்கிற பட்டையில், அதாவது கேஸ்கெட்டில் கோளாறு. போல்ட்டைச் சமமாக இறுக்குங்கள், கேஸ்கெட் பாதி கனத்துக்கு அழுந்தினால் போதும், வெறிகொண்டு இறுக்கினால் நசுங்கி இன்னும் மோசமாகும். ஊற்றியும் சொட்டவில்லை, ஏ.சி. ஓடும்போது மட்டும்தான் என்றால் தண்ணீர் வெளியேறுகிற டிரெய்ன் துளை அடைத்திருக்கிறது. புளியமரத்தடியில் நிறுத்துகிறவர்களுக்கு இது ரொம்ப வரும், அந்தப் பொடி இலை எங்கே வேண்டுமானாலும் புகும். அதற்காக வெயிலில் நிறுத்தாதீர்கள். சரிவில் நிறுத்தினாலும் தட்டில் தண்ணீர் ஒரு பக்கம் வழியும், அது கோளாறே இல்லை.

கே: ரிங் ரோட்டில் போகும்போது இன்ஜின் ஏ.சி. அருமை. கோரிப்பாளையம் நெரிசலில் நின்றால் அனல் காற்று.

ப: ஓடும்போது, சூட்டை வெளியே தள்ளுகிற கண்டென்ஸருக்குச் சும்மாவே காற்று கிடைக்கிறது, நிற்கும்போது ஃபேன்தான் இழுக்க வேண்டும். ஃபேன் சுற்றுகிறதா பாருங்கள்: ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாக. சுற்றினால், கண்டென்ஸரில் அடைத்த பூச்சியையும் மண்ணையும் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

கே: மாதம் இரண்டு தடவை ராமேஸ்வரம் சவாரி. தனியாக ஏதும் பார்க்க வேண்டுமா?

ப: உப்புக் காற்று அலுமினியத் தகடுகளைத் தின்றுவிடும். ஒவ்வொரு தடவை வந்ததும் கண்டென்ஸரை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், உப்புக் கிணற்றுத் தண்ணீரில் இல்லை.

கே: வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியை வண்டியில் வைத்து ராத்திரி முழுக்க ஏ.சி. ஓட்டலாமா? இல்லையென்றால் சின்ன ஜெனரேட்டர் வாங்கலாமா?

ப: 12 வோல்ட், 150 ஆம்பியர் அவர் பேட்டரியில் இருப்பதே 1,800 வாட் அவர். பாதிக்கு மேல் இறக்கினால் பேட்டரி சீக்கிரம் போய்விடும், ஆக உங்களுக்கு 900. 1 டன் ஏ.சி. மணிக்கு கிட்டத்தட்ட அதே அளவு தின்னும். ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. ராத்திரி முழுக்க வேண்டுமென்றால் லித்தியம் பேட்டரி, அதுவும் நான்கைந்து யூனிட் (ஒரு யூனிட் 1,000 வாட் அவர்) கொள்ளளவில், கூடவே இன்வெர்ட்டர் வகை ஏ.சி.

ஜெனரேட்டர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் குரலை உயர்த்துகிறேன், கோபப்படாதீர்கள். 2024 டிசம்பரில் கேரளாவில் வடகரையில், ரோட்டோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரில் இருந்து வந்த கார்பன் மோனாக்ஸைடு உள்ளே புகுந்ததுதான் காரணம். அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது, தூங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது. ஜெனரேட்டரை வண்டிக்குள்ளேயோ வண்டிக்கு அடியிலேயோ ஓடவிட்டுத் தூங்காதீர்கள். தள்ளிவையுங்கள், காற்று வண்டிப்பக்கம் அடிக்காத திசையில். தரைத்தகட்டில் ஒயர் போகிற ஓட்டைகளை எல்லாம் அடையுங்கள். கார்பன் மோனாக்ஸைடு அலாரம் ஒன்று வாங்கிப் படுக்கைப் பக்கம் மாட்டுங்கள். இது இல்லாத கேரவனில் நான் படுக்க மாட்டேன்.

கே: அமெரிக்காவில் இருக்கும் மாமா ஒரு கூரை ஏ.சி. அனுப்புகிறேன் என்கிறார். வாங்கலாமா?

ப: வேண்டாம். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230, 50. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டேஜை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது.

கே: ஏ.சி. ஓடுகிறது, ஆனால் மத்தியானம் வண்டி குளிரவே மாட்டேன் என்கிறது. கேஸ் போடணுமா?

ப: வந்துவிட்டது பாருங்கள். ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். ஏ.சி. உள்ளே இழுக்கிற காற்றையும் வெளியே விடுகிற காற்றையும் அளந்தால் 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருக்க வேண்டும். இருந்தால் ஏ.சி. மேல் தப்பில்லை, வண்டி இரும்புச் சட்டி மாதிரி காய்கிறது. முன் கண்ணாடிக்கு வெள்ளிநிறத் தட்டி வையுங்கள், கூரைக்கு வெள்ளை பெயிண்ட் அடியுங்கள், மத்தியானம் உள்ளே சமைக்காதீர்கள். கொதிக்கிற வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு ஏ.சி. போடாமல், காலையிலேயே போட்டுவிடுங்கள்.

கே: கொடைக்கானல் போன இடத்தில் கம்ப்ரஸர் ஓடவே இல்லை. 24இல் வைத்திருந்தோம்.

ப: அங்கே வண்டிக்குள்ளேயே 18 இருந்திருக்கும். 24க்குக் கொண்டுவர ஹீட்டர்தான் வேண்டும். ஜன்னலைத் திறந்துவிட்டு ஒரு டீ குடியுங்கள்.