மோட்டர்ஹோம் வாங்கலாம், ஆனால் உங்கள் லைசென்ஸைப் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: லெஸ்டரில் இருக்கிறோம். எனக்கு 64, இவருக்கு 68. பதினெட்டு வருடமாகக் காருக்குப் பின்னால் இழுக்கிற வீட்டு வண்டி, கரவன் வைத்திருக்கிறோம். போன கோடையில் டெவனில் கரவனைக் கையால் தள்ளித் திருப்பும்போது இவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து, இழுக்கத் தேவையில்லாமல் தானே ஓடுகிற வீட்டு வண்டி, மோட்டர்ஹோம் வாங்குவோம் என்று ஒரே பிடி. ஏழரை மீட்டர் நீளம், 4,250 கிலோ என்று ஒன்றைப் பார்த்தும் வைத்துவிட்டார். இவர் 1988இல் இங்கே சோதனை பாஸ் பண்ணியவர். நான் 2004இல்தான் லைசென்ஸ் எடுத்தேன், கரவன் இழுத்து ஓடியதே இல்லை. இந்த வயதில் இது தேவையா? சமையல் எல்லாம் அதற்குள் சரிவருமா?

பதில்: அக்கா, அண்ணை பார்த்து வைத்திருக்கிற அந்த வண்டியை நீங்கள் ஓட முடியாது. ஓடத் தெரியாது என்று சொல்லவில்லை, சட்டப்படி முடியாது. 1997 ஜனவரி 1 முதல் சோதனை பாஸ் பண்ணியவர்களுடைய சாதாரண கார் லைசென்ஸ் இப்படியான டீசல் வண்டிக்கு 3,500 கிலோ வரைதான் செல்லும். வண்டி வெறுமையாக நிற்கும்போது எவ்வளவு என்பது கணக்கில்லை, சாமான் ஏற்றி அதிகபட்சம் எவ்வளவு வரை போகலாம் என்று தகட்டில் அடித்திருக்கிறதே, அந்த எண்தான் கணக்கு. அண்ணை 1988 ஆள் என்பதால் அவருக்கு சி1 என்ற பெரிய வண்டிப் பிரிவும் லைசென்ஸில் சும்மா கிடைத்திருக்கும், 7,500 கிலோ வரை ஓடலாம். ஆனால் அந்தச் சலுகையும் 70 வயது வரைதான். 70இல் லைசென்ஸைப் புதுப்பிக்கும்போது சி1 வேண்டுமென்றால் டொக்டரிடம் போய் உடம்பையும் கண்ணையும் சோதித்து டி4 படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும், அந்தச் செலவும் நம்முடையதுதான். பிறகு மூன்று வருடத்துக்கு ஒரு தரம் அதே கதை. இரண்டு வருடம் சந்தோஷமாக ஓடிவிட்டு, கண்ணில் ஏதோ, சீனி வருத்தத்தில் ஏதோ என்று சி1 போய்விட்டால், அவ்வளவு காசு கொடுத்து வாங்கிய வண்டி வாசலில் நிற்கும், அதை எடுக்க வீட்டில் ஆள் இருக்காது.

அதனால், வாங்கலாம். 3,500 கிலோவுக்குள், நீங்கள் பயமில்லாமல் ஓடக்கூடிய நீளத்தில். அண்ணைக்கு முகம் வாடும், தெரியும்.

ஆனால் அதற்கு முன் ஒன்றைக் கேட்க வேண்டும். முதுகுதான் பிரச்சினை என்றால் கரவனைக் கையால் ஏன் தள்ளுகிறீர்கள்? சில்லுக்குப் பக்கத்தில் மோட்டார் பூட்டி ரிமோட்டில் நகர்த்துகிற மூவர் என்ற சாமான் எத்தனையோ வருடமாக இருக்கிறது. நீங்கள் ஒரே இடத்தில் பத்து நாள், இரண்டு கிழமை என்று இருந்து, காரை எடுத்துக்கொண்டு சுற்றிப் பார்க்கிற ஆட்கள் என்றால் மூவரைப் பூட்டிக்கொண்டு கரவனையே வைத்திருங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். இழுத்து ஓடுவதற்கும் நீங்கள் தனியாகச் சோதனை எடுக்கத் தேவையில்லை, 2021 டிசம்பர் 16இலிருந்து அந்தச் சட்டம் மாறிவிட்டது. ஒரு பயிற்சி வகுப்பு மட்டும் போய்வாருங்கள்.

இரண்டு நாள் இங்கே, மூன்று நாள் அங்கே என்று நகர்ந்துகொண்டே இருக்க விருப்பமென்றால்தான் மோட்டர்ஹோம் அருமை. கொளுவத் தேவையில்லை, மூலைக்கால் இறக்கத் தேவையில்லை, மழையில் வந்து நிறுத்தினால் வெளியே இறங்காமலே ஓட்டுநர் இருக்கையைப் பின்னுக்குத் திருப்பித் தேநீர் போடலாம். கரவன் இழுத்தால் மோட்டர்வேயில் மணிக்கு 60 மைல்தான், மூன்று லேன் இருந்தால் வலது லேனைத் தொடக்கூடாது. வெறும் எடை 3,050 கிலோவுக்கு உள்ளே இருக்கிற மோட்டர்ஹோமுக்குக் காரின் வேகம்தான், 70 போகலாம். சுகமில்லாத பக்கம் என்ன என்றால், பால் முடிந்துவிட்டால் முழு வீட்டையும் கட்டிக்கொண்டு கடைக்குப் போக வேண்டும், போனால் அங்கே கார் பார்க் வாசலில் உயரத் தடுப்பு. எங்களுக்கு முதல் வருடம் இதுதான் பெரிய எரிச்சல். இப்போது பஸ் தரிப்பு நடக்கிற தூரத்தில் இருக்கிற சைட்டாகத்தான் பார்க்கிறோம். அண்ணையிடம் இலவச பஸ் பாஸ் இருக்கும், உங்களுக்கு இன்னும் இரண்டு மூன்று வருடம் பொறுக்க வேண்டும்.

இனி எடை. இதில்தான் நம்மவர்கள் மாட்டுவது. 3,500 கிலோ வண்டியில் நாம் ஏற்றுவதற்கு மிஞ்சுவது சிலவேளை 300, 400 கிலோதான். விளம்பரத்தில் போடுகிற எடையில் ஓட்டுநருக்கு 75 கிலோ சேர்த்திருப்பார்கள், பக்கத்தில் இருக்கிற மனைவிக்குச் சேர்ப்பதில்லை. உங்கள் எடை அதில் இல்லை அக்கா, மனதில் வையுங்கள். தண்ணீர் நூறு லிட்டர் என்றால் நூறு கிலோ. பிறகு ஓனிங் என்கிற வெளிப்பந்தல், இரண்டாவது பட்டரி, சைக்கிள், அதைக் கொளுவுகிற தட்டு. நாங்கள் முதல் பயணத்துக்கு முன் சும்மா ஒரு ஆசைக்குப் பாரம் நிறுக்கும் இடத்தில் ஏற்றிப் பார்த்தோம், 80 கிலோ கூட. பத்துக் கிலோ அரிசி மூட்டை, இடியப்ப உரல், இரண்டு குக்கர், தேங்காய், விருந்தாளி வந்தால் என்று ஆறு மடக்குக் கதிரை, எல்லாம் இறங்கியது. பொலிஸ் மறித்தால் தண்டம் ஒரு பக்கம், விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர் கேட்கிற கேள்வி இன்னொரு பக்கம்.

நீளத்துக்கு வருவோம். ஃபியட் டுக்காட்டோ வானை உள்ளே வீடாக மாற்றியவை 5.41, 5.99, 6.36 மீட்டர் என்று வரும், அகலம் இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் கூட. பெட்டி மாதிரி மேலே கட்டியவை உள்ளே விசாலம், ஆனால் அகலமும் கூடும். வேல்ஸில் ஸ்கந்தவேல் கோயிலுக்குப் போகிற ஒழுங்கைகளில் எதிரே ஒரு டிராக்டர் வந்தால் அந்த இருபது முப்பது சென்டிமீட்டருடைய அருமை விளங்கும். நான் ஆறு மீட்டர் என்பேன்.

கட்டிலைப் படுத்துப் பார்த்து வாங்குங்கள், இரண்டு பேரும், கடையிலேயே, வெட்கப்படாமல். இரவில் இரண்டு தரம் எழும்புகிற வயதில் ஒருவர் மற்றவரைத் தாண்டி இறங்குகிற கட்டில் வேண்டவே வேண்டாம். கூரையிலிருந்து இறங்குகிற, ஏணி வைத்து ஏறுகிற கட்டில் பேரப்பிள்ளைகளுக்கு. இரண்டு ஒற்றைக் கட்டில் இருக்கிற வண்டிதான் நம் வயதுக்குத் தோது. இன்னொன்று, கழிவறைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஊற்றுகிற வேலை மோட்டர்ஹோமிலும் இருக்கிறது, நிறைந்தால் இருபது கிலோ அளவில் வரும். முதுகு நோவுகிறவர் பாதி நிறையும்போதே ஊற்ற வேண்டும்.

செலவு கூடும். கரவனுக்கு எம்ஓடி என்கிற வருடாந்த வண்டிச் சோதனையும் ரோட் டாக்ஸும் இல்லை, இதற்கு இரண்டும் உண்டு. பழைய வண்டியென்றால் ஈரம் பிடித்திருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள், டயரில் பட்டன் இருந்தாலும் எந்த வருடத்து டயர் என்று பாருங்கள். பிள்ளைகள் யாராவது லண்டனில் இருந்தால், டீசல் யூரோ 6 என்ற புகைத் தரத்தில் இல்லாவிட்டால் யூலெஸ் என்கிற புகைக் கட்டணம் ஒரு நாளைக்கு 12.50 பவுண், 2023 ஆகஸ்டிலிருந்து முழு லண்டனுக்கும்.

கரவனை இப்போதே விற்க வேண்டாம். ஒக்டோபரில் ஒரு கிழமைக்கு வாடகைக்கு எடுங்கள், கோடையில் வேண்டாம், வெயிலில் எந்த வண்டியும் நல்லாய்த்தான் இருக்கும். முன்பதிவு பண்ணும்போதே உங்கள் பெயரையும் ஓட்டுநராகப் போடச் சொல்லுங்கள். போகும்போது அண்ணை ஓடட்டும், வரும்போது முழுத் தூரமும் நீங்கள். அண்ணை பக்கத்தில் இருந்து பிரேக் பிரேக் என்று கத்தினால் பின்னால் போய் இருக்கச் சொல்லுங்கள், அங்கேயும் பெல்ட் போட வேண்டும்.

சமையல் கேட்டீர்கள். கரவனில் பதினெட்டு வருடம் சமைத்தவருக்கு நான் என்ன சொல்ல, அடுப்பு கிட்டத்தட்ட அதேதான், மேசை இன்னும் சின்னது. சோறு, பருப்பு, முட்டைப் பொரியல் எல்லாம் தாராளமாக. மீன் மட்டும் உள்ளே பொரிக்காதீர்கள். வாடகை வண்டியில் நாங்கள் ஒரு தரம் சூடை பொரித்தோம், துணி இருக்கையில் ஏறிய மணத்துக்குச் சுத்தம் பண்ணும் காசு என்று டெபொசிட்டில் பாதியைப் பிடித்துக்கொண்டுதான் தந்தார்கள்.